அக்கா சொன்ன வழி

இரண்டு வருடம் சமுதாயக் கல்லூரியில் எல்லாப் பாடத்திலும் எல்மர்தான் முதல். அப்படியும், மூன்றாம் வருடப் படிப்புக்கு அவன் விண்ணப்பித்த பெரிய பல்கலைக்கழகம் அவனைச் சேர்த்துக்கொள்ள மறுத்துவிட்டது. அவன் இயற்பியல் ஆய்வகப் பாடம் எடுக்கவில்லையாம்.

"அது வேண்டாம்னு நீதானேக்கா சொன்ன?"

அதே கல்லூரியில் மாணவர்களுக்குப் பாடம் தேர்ந்தெடுக்க ஆலோசனை சொல்வதுதான் அவன் அக்கா ரொவீனாவின் வேலை.

"போன வருஷம்வரைக்கும் கேட்கலடா. திடீர்னு விதிய மாத்திட்டாங்க, பாவிங்க!" அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். "போகட்டும் விடு. இங்கேயே வேலை தேடிக்கலாம். அப்பாவ நீ பார்த்துக்கிட்டா, நானும் தைரியமா கல்யாணம் பண்ணிட்டுப் போவேன்."

மணிலாவிலிருந்து வந்து கப்பல் பட்டறையில் உழைத்து, இப்போது பக்கவாதத்தில் கிடக்கும் அப்பா உள்ளேயிருந்து கூப்பிட்டார். எல்மர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனான்.

மறுநாள் ரொவீனாவின் மேஜைக்கு எதிரே ஒரு மாணவி வந்து உட்கார்ந்தாள்.

"இயற்பியல் ஆய்வகம் ரொம்பக் கஷ்டமா இருக்கு மேடம். விட்டுடவா?"

"ஐயையோ, விட்டுடாதேம்மா!" என்றாள் ரொவீனா. "அது இல்லாத விண்ணப்பத்தப் பெரிய பல்கலைக்கழகத்துல பிரிச்சுக்கூடப் பார்க்கமாட்டாங்க. நான் இங்க வேலைக்கு வந்து ஏழு வருஷமாச்சு, அன்னிலேர்ந்து இதேதான் விதி."