முப்பத்தோரு பெண்கள்

"ஒரே தெருவுல முப்பத்தோரு பொம்பளைங்க வேலை செய்றாங்களாம் சார். நம்புறீங்களா?"

துர்கா, கூட வேலை பார்க்கும் சத்யப்ரியா நிரப்பிக் கொண்டுவந்திருந்த படிவக் கட்டை மேசைமேல் வைத்தாள். மேற்குத் தாம்பரத்தில் மாடியில் ஓர் அறை. வேலைவாய்ப்புக் கணக்கெடுப்பை ஒப்பந்தத்துக்கு எடுத்திருந்த ஏஜென்சியின் ஆபீஸ்.

சூப்பர்வைசர் ராஜகோபால் படிவங்களைப் புரட்டினார். "நீங்க எடுத்த தெருவுல எத்தனை பேர்?"

"நாலு. ரெண்டுமே செம்பாக்கம்தான் சார், பக்கத்துப் பக்கத்துத் தெரு. வீட்டுல உக்காந்து அவளே நிரப்பியிருக்கா."

"நல்லா வேலை செய்ற பொண்ணாச்சே."

எல்லாரும் இதையேதான் சொன்னார்கள். சத்யப்ரியா வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. துர்காவுக்கு இது நான்காவது வருடம். அடுத்த சுற்றுக் கணக்கெடுப்புக்கு இருவரில் ஒருவருக்குத்தான் இடம் என்று தெரிந்ததிலிருந்து, சத்யப்ரியாவின் செல்போன் ஒலித்தால்கூட துர்காவுக்கு நெஞ்சு எரிந்தது.

"ஒரு வீட்டைப் போய்ச் செக் பண்ணுங்க. பொய்யா இருந்தா அவளை நிறுத்திடறேன்" என்றார் ராஜகோபால்.

அன்று மதியமே சத்யப்ரியா எடுத்த தெருவுக்குப் போனாள்.

முதல் வீட்டுக்காரர் கோதண்டம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஏரிப் பக்கத்து நிலத்தையெல்லாம் மனை போட்டு விற்றவர். சட்டைப்பையில் மடித்த கர்ச்சீப்.

"போன ஏழு நாள்ல உங்க வீட்டுப் பெண்கள் யாராவது வருமானத்துக்கு ஏதாவது வேலை செஞ்சாங்களா சார்? ஒரு மணி நேரம்னாலும் கணக்குதான்."

"இன்னாம்மா கேள்வி இது? பொம்பளைங்கள வேலைக்கு அனுப்பிட்டு நான் குந்திகினு துன்னுவனா? அல்லாம் வூட்டோட கீறாங்க."

துர்காவுக்கு உள்ளே இனித்தது. "கொஞ்சம் தண்ணி கிடைக்குமா சார்?"

"பின்னால போம்மா. எங்க வூட்டுக்காரி கீது."

பின்கட்டில் அவர் மனைவி அங்காளம்மா சட்டைக் குவியலுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். கையில் சின்னக் கத்தரிக்கோல். சொம்பை எடுத்துக் கொடுத்துவிட்டு மறுபடியும் உட்கார்ந்தாள்.

"என்னம்மா இது?"

"எக்ஸ்போர்ட் சட்டை. பிசிறு வெட்டிக் குடுக்கணும். பீசுக்கு இவ்ளோன்னு துட்டு. இந்தத் தெருவுல வூட்டுக்கு வூடு இதான்."

"உங்க வீட்டுக்காரர் அப்படிச் சொல்லலியே?"

அங்காளம்மா சிரித்தாள். "அது பெரிய மானஸ்தன். நிலம் வித்த துட்டு எப்பவோ பூடுச்சு. அது குடிக்கிற காபி இதுலதான் வருதுன்னு அதுக்கே தெரியும். வாயத் தொறக்காது. கணக்கு எழுத வர்றவங்களும் வாசல்லயே அத்தக் கேட்டு எழுதிக்கினு பூடுவாங்க. போன வாரம் வந்துச்சே ஒரு பொண்ணு, அதுதான் உள்ள வந்து குந்திச்சு. 'நீங்க செய்றதும் வேலைதான்க்கா'ன்னிச்சு."

ஒரு காலரைத் திருப்பி வெட்டினாள்.

"'எங்க ஆபீசுல துர்கான்னு ஒரு அக்கா, அவங்கதான் எப்படிக் கேக்கணும்னு கத்துக்குடுத்தாங்க'ன்னு ஒரே பெருமை அதுக்கு. உனக்குத் தெரியுமா அவங்கள?"

துர்கா தண்ணீரைக் குடித்து முடித்தாள். "தெரியாது."

ஆபீசில் ராஜகோபால் காத்திருந்தார். "என்னாச்சு?"

"வீட்டுக்காரர்கிட்டயே கேட்டேன் சார். பெண்கள் யாரும் வேலை செய்யறதில்லைன்னு அவர் வாயாலயே சொன்னார்."

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

"நல்லவேளை, பிடிச்சீங்க. நாட்டுல எத்தனை பேருக்கு வேலை இருக்குன்னு டெல்லியில இதை வெச்சுத்தான் சொல்லுவாங்க." சிவப்புப் பேனாவை நீட்டினார். "எல்லாத்தையும் அடிச்சிடுங்க."

துர்கா ஒவ்வொரு பெயராக அடித்தாள்.

மறுநாள் காலையும் அந்தத் தெருப் பெண்கள் அத்தனை பேரும் சட்டைகளோடு உட்கார்ந்துவிட்டார்கள். வேலை போனது சத்யப்ரியாவுக்கு மட்டும்தான்.