நாலரை மணிக் கச்சேரி

விருத்தாசலத்தில் சாவியோவின் ஹார்ட் ராக் குழுவுக்கு எட்டு வருஷமாக ஒரே பாட்டு, ‘சூளைத் தீ’. கேட்க வருவதும் ஒரே ஆள், அவன் மனைவி டெய்சி.

“இந்த ஞாயித்துக்கெழமையும் யாரும் வரலன்னா கிதாரை வித்துட்டு பீங்கான் கம்பெனி வேலைக்குக் கெளம்புங்க” என்று சொல்லிவிட்டாள்.

நாலரை மணிக்குச் சாவியோ மேடையேறினான். மண்டபம் நிரம்பி வழிந்தது. அத்தனை பேரும் செருப்பை வாசலில் விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள்.

கிதார் அலறியது. காது கிழிந்தும் ஒருத்தரும் எழுந்து போகவில்லை. பாட்டு மெலடிக்கு இறங்கியபோது பலர் கண்ணை மூடி உதட்டை அசைத்தார்கள்.

“பாத்தியா, மனப்பாடமே பண்ணிட்டாங்க” என்று ட்ரம்ஸ் வாசித்த பழமலையிடம் உருகினான் சாவியோ.

பாட்டு முடிந்ததும் யாரும் கைதட்டவில்லை, கும்பிட்டார்கள். முன்வரிசையிலிருந்து ஒரு அம்மா எழுந்து வந்தார்.

“மனசு லேசா இருக்குது. கேது பாட்டு எப்ப தம்பி?”

சாவியோ தன் முதுகுக்குப் பின்னால் தொங்கிய பேனரை அப்போதுதான் திரும்பிப் படித்தான். ‘மாபெரும் ராக் இசை’ என்று எழுதிக் கொடுத்ததை ப்ளெக்ஸ் கடைக்காரர் ‘மாபெரும் ராகு இசை’ என்று அடித்திருந்தார்.

டெய்சியைப் பார்த்தான். கிதாரை மார்போடு அணைத்துக்கொண்டான்.

“அடுத்த வாரம், எமகண்டத்துலங்கம்மா.”