கூரைக்கு நியாய விலை

"பன்னிரண்டாயிரம் டாலர். அதுல ஒரு டாலர் குறைஞ்சாலும் நீ என் ஏணியில கால் வைக்கக் கூடாது" என்றார் வெர்லின்.

கூரை போடும் கோர்டி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துத் திருகினான். எண்ணூறுக்கு மேல் வாங்கினால் தனக்குத் தூக்கம் வராது என்றான்.

எங்கள் மினசோட்டாவில் யார் எதைக் கொடுத்தாலும் மூன்று முறை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, நான்காவது முறைதான் கையை நீட்ட வேண்டும். ஒரு துண்டு கேக்குக்கே அந்த மரியாதை உண்டு. ஆனால் வெர்லின் வேண்டாம் என்று சொல்ல ஆரம்பித்து மூன்று வாரம் ஆகிவிட்டது. இதற்கு முன் வந்த கூரைக்காரர் ஒருவர், அடுப்பில் சுட்ட ஓர் ஆப்பிள் பை பலகாரம் கொடுத்தால் போதும் என்றார். இன்னொருவர், அதுகூட வேண்டாம், கூரையோடு சேர்த்துப் பின்பக்கம் ஒரு வராந்தாவும் கட்டித் தருகிறேன் என்றார். இருவரையும் வெர்லின் விரட்டிவிட்டார்.

அதற்குள் கூரை சும்மா இருக்கவில்லை. சமையலறையில் ஒழுகி, கூடத்தில் ஒழுகி, படுக்கையறையில் ஒரு சின்ன ஏரியே தேங்கிவிட்டது. குளிருக்குப் பயந்து தெற்கே போய்க்கொண்டிருந்த ஒரு ஜோடி வாத்து, மேலிருந்து ஓட்டை வழியாக அதைப் பார்த்துவிட்டு, இனிமேல் எதற்கு அவ்வளவு தூரம் பறக்க வேண்டும் என்று அங்கேயே இறங்கிவிட்டது. வெர்லினின் மனைவி மார்லிஸ் குளியல் தொட்டியில் படுத்துக்கொண்டாள். வீட்டில் நனையாத இடம் அது ஒன்றுதான்.

மார்லிஸ் கெடுவும் வைத்திருந்தாள். "முதல் பனி விழறதுக்குள்ள கூரை வேணும், வெர்லின். இல்லேன்னா நான் டுலூத்துக்கு அக்கா வீட்டுக்குப் போறேன். நீயும் வாத்தும் குடித்தனம் நடத்துங்க."

பெட்டி கட்டி வாசலில் வைத்தாயிற்று. வானம் சாம்பல் நிறத்தில் தாழ்ந்து கிடந்தது. போதாக்குறைக்கு, வார இறுதியில் மான் வேட்டை தொடங்குகிறது. அதன் பிறகு ஊரில் சுத்தியல் பிடிக்க ஒருவன்கூட அகப்பட மாட்டான்.

"ஐநூறு" என்றான் கோர்டி.

"பதிமூணாயிரம்."

கோர்டி கணக்குச் சொல்லிப் பார்த்தான். ஓடெல்லாம் வேறு வேலையில் மிஞ்சியது, வண்டியில் வெறுமனே கிடக்கிறது. ஆணி என்ன பெரிய விலை. கூலி என்று பார்த்தால், உயரத்தில் காற்று வாங்க உண்மையில் தான்தான் காசு கொடுக்க வேண்டும். வெர்லின் அசையவில்லை. புது ஓடு வாங்கு, ரசீதைக் காட்டு, கூலியை எல்லாரிடமும் கேட்கிற மாதிரி கேள் என்றார்.

கோர்டிக்குக் கண் கலங்கிவிட்டது. "உங்ககிட்ட முழு விலை வாங்கினேன்னு தெரிஞ்சா மத்த கான்ட்ராக்டருங்க என் மூஞ்சியில முழிப்பாங்களா? முன்னூறு. அதுக்கு மேல என்னால ஏற முடியாது."

மார்லிஸ் குடையைப் பிடித்தபடி உள்ளேயிருந்து வந்தாள். கோர்டிக்குக் காபி கொடுத்தாள். பாதிக் கோப்பை மழைத் தண்ணீர்.

"முன்னூறுங்கறான். குடுத்துத் தொலையேன்."

"அது நியாய விலை இல்ல, மார்லிஸ்."

"அப்ப அந்த நியாயத்தைத் தூக்கி ஓட்டை மேல வை. நிக்குதா ஒழுகுதான்னு பார்க்கலாம்."

பிறகு அவள் கோர்டி பக்கம் திரும்பி, பக்கத்து வீட்டு இர்மாவின் கூரைக்கு எவ்வளவு வாங்கினான் என்று கேட்டாள். கோர்டி தன் பூட்ஸைப் பார்த்தான். பன்னிரண்டாயிரம் என்றான். அவள் வீடு இதைவிடச் சின்னதாயிற்றே என்றாள் மார்லிஸ். ஆமாம், வேலைகூட இன்னும் பாதிதான் முடிந்திருக்கிறது என்றான் கோர்டி. பொய் சொல்லத் தெரியாதவன்.

"எனக்கும் அதே விலை" என்றார் வெர்லின். "இல்லேன்னா வண்டியை எடு."

கோர்டி வானத்தைப் பார்த்தான். குளியலறைப் பக்கம் போய்க்கொண்டிருந்த மார்லிஸைப் பார்த்தான்.

"விலை அதேன்னா வேலையும் அதேதான், வெர்லின். எல்லாருக்கும் போடற மாதிரிதான் போடுவேன். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது."

"அதைத்தானே மூணு வாரமா கேக்கறேன்."

கை குலுக்கினார்கள். கோர்டி துக்க வீட்டிலிருந்து கிளம்புகிறவனைப் போல வண்டிக்கு நடந்தான்.

வேட்டைக்கு முன்பே வேலை முடிந்தது. வெர்லின் பன்னிரண்டாயிரத்துக்குச் செக் எழுதிக் கொடுத்தார். கோர்டி கண்ணை மூடிக்கொண்டு வாங்கினான். அன்று சாயங்காலம் அடைமழை. உள்ளே ஒரு சொட்டு இல்லை. வாத்துகள் சிறிது நேரம் காய்ந்த தரையில் நின்று முறைத்துப் பார்த்துவிட்டுத் தெற்கே கிளம்பின. மார்லிஸ் மூன்று வாரத்துக்குப் பிறகு கட்டிலில் காலை நீட்டிப் படுத்தாள். அந்த ஒரு நாளைக்கு வெர்லினின் நியாயத்தைப் பற்றி அவள் ஒரு வார்த்தைகூடத் தப்பாகச் சொல்லவில்லை.

மறுநாள் காலை, எங்கள் ஊருக்கு இருக்கிற ஒரே கட்டட இன்ஸ்பெக்டர் கூரையைப் பார்வையிட ஏணி வைத்து ஏறினார்; அவர் கையெழுத்துப் போடாமல் இங்கே எந்தக் கான்ட்ராக்டர் போட்ட கூரையும் கூரை ஆகாது. ஆணியை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கியபடி இறங்கி வந்த வெர்லின், 'இங்கே யாரும் குடியிருக்கக் கூடாது' என்ற சிவப்பு நோட்டீஸைத் தன் வீட்டு வாசற்கதவில் ஒட்டிவிட்டு, மார்லிஸின் பெட்டியைத் தானே தூக்கிக் காரில் வைத்தார்.