கூப்பிடு தூரம்

"கதவுகிட்ட வெச்சுக்கோக்கா. எவனாவது நுழைஞ்சா ஒரே போடு," என்று தம்பி இரும்புக் கம்பியை நீட்டினான்.

"அதைப் பிடுங்கி என்னையே போடுவான்டா," என்றேன். அவன் கேட்கவில்லை, சாத்திவைத்துவிட்டுப் போனான்.

மறுநாள் காலை பத்து மணிக்குப் பிளம்பர் என்று ஒருவன் வந்தான். நான் யாரையும் அழைக்கவில்லை. கேட்காமலே ஒரு காலை உள்ளே வைத்து, "வீட்டுல வேற யாரும் இல்லையா?" என்றான்.

கம்பி நினைவுக்கே வரவில்லை. உள்ளறைப் பக்கம் திரும்பி, "ஏங்க, பிளம்பர் வந்திருக்காரு. சட்டையைப் போட்டுட்டு வாங்க," என்றேன்.

"வீடு மாறி வந்துட்டேம்மா," என்று இரண்டிரண்டு படியாக இறங்கிப் போனான்.

தம்பி போனில் பதறினான். "கம்பியை எடுத்தியா?"

"இல்லடா. உன் அத்தானைக் கூப்பிட்டேன்."



அவர் இறந்து ஏழு மாதம் ஆகிறது. இருந்தவரை ஒருநாளும் முதல் குரலுக்கு வந்தவரில்லை.