சிரிக்காத வகுப்பு

"சார், வீடு எரியும்போது பக்கத்து வீட்டுக்காரர் ஏன் தண்ணி கொண்டு வரல?" என்று கேட்டாள் முன்வரிசை ரெஹேமா.

மிஹாயோ வாத்தியார் கண்ணை மூடித் திறந்தார். ஒருவர் வீடு கொழுந்துவிட்டு எரிகிறது. பக்கத்து வீட்டு ஆங்கிலேயர் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, 'இன்றைக்குக் கொஞ்சம் வெக்கையாக இருக்கிறது, இல்லையா?' என்கிறார். இதுதான் அவர் ஆங்கிலத்தில் சொன்ன நகைச்சுவை. வகுப்பில் சிரித்தது ஒரே ஒரு ஆள். அது மிஹாயோதான்.

"அவர் கிண்டல் பண்றாரும்மா! இங்கிலீஷ்காரன் முகத்தை அசைக்காமதான் சொல்லுவான். யாரு, யார்கிட்ட சொல்றான்னு பார்த்தாத்தான் கிண்டலா நிஜமான்னு தெரியும்."

"வீடு எரியுறவர்கிட்டயா சார் கிண்டல் பண்ணுவாங்க?"

வேறு வழியில்லாமல், இது ஏன் சிரிப்பு என்பதற்குக் கரும்பலகையில் மூன்று காரணங்கள் எழுதிப்போட்டார். ஐம்பத்தாறு பேரும் இழவுச் செய்தி கேட்ட முகத்தோடு பார்த்து எழுதிக்கொண்டார்கள். மணி அடித்தது.

கடைசி பெஞ்சில் இருந்த பள்ளி ஆய்வாளர் பாஸி அம்மையார் தன் படிவத்தில், 'மாணவர்களுக்கு ஆங்கில நகைச்சுவை புரிகிறதா?' என்ற இடத்தில், 'இல்லை' என்று எழுதினார். எட்டு வருடமாகக் காத்திருக்கும் மிஹாயோ ஆங்கிலத் துறைத் தலைவர் ஆவதும் ஆகாததும் அந்தப் படிவத்தின் கையில்தான் இருந்தது.

ஆனாலும் அவருக்குப் பயமில்லை. பாஸி என்பது ஜராமோ இனத்தார் பெயர். மிஹாயோவோ சுக்குமா இனம். இந்த இரண்டு கூட்டத்துக்கும் பாட்டன் காலத்திலிருந்தே கேலி முறை. வாய்க்கு வந்தபடி வாரிக்கொள்ளலாம், சாவு வீட்டில்கூட. கோபப்பட்டால்தான் தப்பு.

ஆசிரியர் அறையில் அம்மையார் எதிரே உட்கார்ந்தார். வகுப்பு மொத்தமும் ஜன்னலுக்கு வெளியே கூடி நின்றது.

"இதைவிடக் கலகலப்பான சாவு வீட்டுக்கெல்லாம் நான் போயிருக்கேன் சார்," என்றார் அம்மையார், முகத்தை அசைக்காமல்.

ஆரம்பித்துவிட்டார்! மிஹாயோவுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. தொடையில் தட்டிச் சிரித்தார்.

"உங்களுக்கு ஜோக் சொல்லவே வரல."

"அதைச் சொல்லுங்க! என் ஜோக்குக்கு என் பெண்டாட்டி சிரிச்சே ஆறு வருஷமாச்சு மேடம்!"

"சிரிக்காதீங்க. உங்களைத் தலைவராக்கினா இந்தப் பள்ளிக்கூடமே உட்கார்ந்து அழும்."

"பிரமாதம்! தேங்காயைத் தின்னுட்டு மரத்தடியில தூங்குற கூட்டத்துக்கு வாயைப் பாரு! எங்க மாட்டுக்குத் தண்ணி காட்டக்கூட உங்க தாத்தா லாயக்கில்லைன்னு எங்க தாத்தா துரத்தி விட்டாராமே?"

கண்ணீர் வரச் சிரித்தார் மிஹாயோ. கடைசியில் இந்தப் பள்ளிக்கு நகைச்சுவை தெரிந்த ஒரு ஜீவன் வந்து சேர்ந்ததில் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

அம்மையார் பேனாவைக் கீழே வைத்தார்.

"பாஸிங்கறது என் வீட்டுக்காரர் பேரு சார். நான் மோஷியில பொறந்த சக்கா இனத்துக்காரி. உங்க கேலி முறையெல்லாம் அவரோட வெச்சுக்குங்க. நான் சொன்னது அத்தனையும் நிஜம்."

மிஹாயோவின் சிரிப்பு பாதியில் நின்றது. யார், யாரிடம் சொல்கிறார் என்று பார்க்கச் சொல்லி முக்கால் மணி நேரம் தொண்டை கிழியக் கத்தியது இந்த வாய்தான். முகமெல்லாம் வேர்த்தது. துறைத் தலைவர் நாற்காலி கண்ணெதிரே எரிந்து சாம்பலாகிக்கொண்டிருந்தது. அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போது ஜன்னல் கம்பிக்கு மேல் ரெஹேமாவின் தலை எட்டிப் பார்த்தது. முகத்தைக் கொஞ்சமும் அசைக்காமல், சுத்தமான ஆங்கிலத்தில் கேட்டாள்:

"இன்றைக்குக் கொஞ்சம் வெக்கையாக இருக்கிறது, இல்லையா சார்?"

வெளியே ஐம்பத்தைந்து பேரும் ஒன்றாக வெடித்துச் சிரித்தார்கள். அம்மையார் உதட்டைக் கடித்துக்கொண்டு, படிவத்தில் 'இல்லை'யை அடித்துவிட்டு 'ஆம்' என்று எழுதினார்.