கல்லில் ஓர் இசட்

மூன்றாவது கேள்வியில் அவள் விரல் நின்றுவிட்டது.

முதல் இரண்டும் சுலபம். எங்கள் ஊரில் எந்த ஆண்டுகளில் இருந்தீர்கள்? எண்பது, எண்பத்தொன்று. எந்தத் தெருவில்? மருத்துவமனைக்குப் பின்னால், டாக்டர்களுக்கான வீடு.

மூன்றாவது: இந்த ஊரில் உங்களுக்கு யார் இருக்கிறார்கள்?

ஸ்காட்லாந்தில் கடலோரமாக ஆர்டன்கில் என்று ஒரு சின்ன ஊர். ஊரை விட்டுச் சிதறிப்போனவர்களும் அங்கேயே இருப்பவர்களும் சேர்ந்து முகநூலில் ஒரு குழு வைத்திருந்தார்கள். பதில் சொன்னால்தான் உள்ளே விடுவார்கள். அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட இத்தனை விசாரிக்கவில்லை.

அவளுக்கு அவர்களோடு அரட்டை அடிக்க வேண்டியதில்லை. ஒரு கல் இன்னும் நிற்கிறதா, விழுந்துவிட்டதா, அது மட்டும் தெரிய வேண்டும்.

மதுரை வெயிலில் மின்விசிறி சூடான காற்றை இறைத்துக்கொண்டிருந்தது. கணவர் பின்னால் வந்து நின்று திரையைப் படித்தார்.

"அங்க நமக்கு யாரு இருக்கா. விட்டுத் தள்ளு."

நாற்காலிக்குத் திரும்பிப் போய்ச் செய்தித்தாளை விரித்துக்கொண்டார்.

நாற்பது வருடத்துக்கு மேலாக இப்படித்தான். பேச்சு அந்தப் பக்கம் வந்தாலே எழுந்து போய்விடுவார். அவளும் பேசாமல் பழகிவிட்டாள். கோபம் மட்டும் ஆறவில்லை.

அவள் தட்டினாள்.

என் மகன் பொழிலன் இருக்கிறான். நாற்பத்தொரு நாள் குழந்தை. உங்கள் கல்லறைத் தோட்டத்தில், கடல் பக்கச் சுவரை ஒட்டி.

அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

பெயர் வைத்தவர் கணவர்தான். ழகரம் வருகிற பெயராக இருக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். இந்த ஊர்க்காரர்கள் வாயில் நுழையாதே என்று அவள் சொன்னபோது, நுழையட்டுமே என்றார். கல் செதுக்குகிறவரிடம் பி, ஓ, இசட், எச் என்று ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னதும் அவர்தான்.

அதற்குப் பிறகு அந்தப் பெயர் அவர் வாயில் வந்ததே இல்லை.

மறுநாள் மத்தியானம் பதில் வந்தது. குழுவை நடத்தும் எல்ஸ்பெத் என்ற பெண்மணி எழுதியிருந்தார். கூடவே ஒரு புகைப்படம்.

கல் நின்றது.

லேசாகச் சாய்ந்திருந்தது. சுற்றிலும் பாசி. எழுத்துகள் இருந்த இடத்தில் மட்டும் பாசி இல்லை. யாரோ துடைத்திருக்கிறார்கள்.

'என் அம்மா இரண்டு கல்லறை தள்ளி இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவரைப் பார்த்துவிட்டு, உங்கள் மகனையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு வருவேன். சரியாகத்தான் சொல்கிறேனா என்று தெரியாது. எங்கள் பக்கத்துப் பெயர்கள் சிலவற்றில் இசட் எழுதுவோம், வாயால் சொல்ல மாட்டோம். இதுவும் அப்படித்தானா? ஒருமுறை பேசி அனுப்புவீர்களா?'

முகம் தெரியாத ஒருத்தி வாரம் தவறாமல் அவனைக் கூப்பிட்டிருக்கிறாள். பெற்றவர்கள் இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை.

வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மைக் பொத்தானைத் தொட்டாள். மின்விசிறியின் சத்தம்தான் பதிவானது. அழித்தாள்.

மறுபடி தொட்டாள்.

"பொளிலன்."

அழுகையில் எழுத்து வழுக்கிவிட்டது.

செய்தித்தாளை மடிக்கும் சத்தம் கேட்டது. அவர் எழுந்தார். வாசல் பக்கம் போவார் என்று நினைத்தாள்.

எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"ழ வரல," என்றார்.

அவள் போனை அவர் பக்கம் நகர்த்தினாள். பதிவு ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு நாக்கை நன்றாக மடித்து, திருத்தமாக, ஒரு தடவை சொன்னார்.

அந்த அம்மாளுக்குப் புரியட்டும் என்று, மெதுவாகப் பிரித்து இன்னொரு தடவை சொன்னார்.

அடுத்து யாருக்காகச் சொன்னார் என்று தெரியவில்லை. சொல்லிக்கொண்டே இருந்தார். கூப்பிடுவதைப் போல.

பதிவு நான்கு நிமிடத்தைத் தாண்டியது. அவள் நிறுத்தவில்லை.