கோடித் தொட்டில்

மூன்று பிள்ளைகள் வயிற்றிலேயே கலைந்த பிறகு, இராக்கம்மாவின் இடது கை தானாகவே ஆடத் தொடங்கியது. உடம்பே தன் இரத்தத்தை உறையவைக்கிறது, பிள்ளை தங்காததும் மூளையில் இரத்தக்குழாய் அடைத்துக் கை ஆடுவதும் அதனால்தான் என்றார் பதுளை டாக்டர். தேயிலைக் கொழுந்து பறிக்க முடியாதவளுக்கு, வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுச்செல்லும் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் தொட்டிலாட்டும் வேலை கொடுத்தார்கள். கையோ, கோடியில் தொங்கிய காலித் தொட்டிலையே தேடிப்போய் ஆட்டியது.

"வெறுந்தொட்டில ஆட்டாதடி, ஆகாது," என்றாள் அங்கே ஆயாவாக இருந்த சிவனாயி.

"நான் ஆட்டலக்கா. கைதான் ஆட்டுது."

பனி உள்ளே புகுந்த ஒரு பகலில், சிவனாயி அந்தக் காலித் தொட்டிலை அவிழ்த்துவிட வந்தாள். தொட்டில் சேலையின் முடிச்சு பாரத்தில் இறுகியிருந்தது. உள்ளே எட்டிப்பார்த்தவள் குரலைத் தாழ்த்தினாள்.

"மெதுவா பேசு. இப்பத்தான் கண்ணசந்திருக்கு."

இராக்கம்மாவின் கை நின்றுவிட்டது. தொட்டில் ஆடிக்கொண்டேயிருந்தது.